ஆரணிக்கு ராயல்டி வேண்டும்

செம்பேன் உஸ்மான், சினுவா அச்செபே, கூகி வா தியாங்கோ, அயி க்வெய் ஆர்மா, புச்சி எமெச்செட்டா, அமினாதா சோ ஃபால் ஆகிய ஆறு பேர் மீதும் கதைத் திருட்டு வழக்குப் போடலாமென்று இருக்கிறேன். செனகல் என்றும் நைஜீரியா என்றும் கென்யா, கானா என்றும் சொல்லிக்கொண்டு இவர்கள் எழுதித் தள்ளியதெல்லாம் திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியின் கதை. கமண்டல நாகநதிக் கரையை எடுத்துவிட்டு வாயில் நுழையாத ஓர் ஊர்ப் பெயரைப் போட்டால் எங்களுக்குத் தெரியாமல் போய்விடுமா? இவர்களில் நால்வர் காலமாகிவிட்டார்கள்; கடைசியாகக் கூகி, 2025 மே மாதம். செத்தவர் மேல் வழக்குச் செல்லாது என்றால் வாரிசுகள் மேல் போட்டுக்கொள்ளலாம். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு எங்கள் ஊரில் மகன் தறிக்குழியில் இறங்குவதில்லையா?

முதல் குற்றவாளி செம்பேன். 1966-இல் ‘மணியார்டர்’ என்று ஒரு குறுநாவல் எழுதினார், இரண்டு வருஷம் கழித்து அதையே படமாகவும் எடுத்தார். டக்கார் நகரத்தில் இப்ராஹிமா தியெங் என்று வேலையில்லாத ஓர் ஆள். பாரீசில் தெருக் கூட்டும் சகோதரி மகன் 25,000 ஃப்ராங்க் மணியார்டர் அனுப்புகிறான். தபாலாபீசில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ். சான்றிதழுக்குப் போனால் பிறந்த தேதி. போட்டோ எடுப்பவன் காசை வாங்கிக்கொண்டு போட்டோ கொடுக்காமல் அடித்து அனுப்புகிறான். பணம் கைக்கு வருமுன்பே கடன் கேட்டு ஊரே வாசலில் நிற்கிறது. கடைசியில் படித்த சொந்தக்காரன் ஒருவன், நான் வாங்கித் தருகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் முழுசாக விழுங்கிவிடுகிறான்.

இது எங்கள் தெரு நெசவாளி வங்கிக்குப் போன கதை என்று சத்தியம் செய்வேன். நெசவாளர் முத்ரா கடன், வட்டி வெறும் 6 சதவீதம் என்று சுவரில் போஸ்டர் சிரிக்கிறது. உள்ளே போனால் நெசவாளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், சொசைட்டிக் கடிதம். எல்லாம் சரியாக இருந்தால் ஆதாரில் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்தும் பாஸ்புக்கில் இருக்கிற எழுத்தும் ஒத்துப்போகாது. அதையும் சரிசெய்தால் ரேகை விழாது. முப்பது வருஷமாகப் பட்டு இழையையும் ஜரிகையையும் உருவி உருவி விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுத்துக் கிடக்கிறது.

“கைய கழுவிட்டு வாங்க.”

“கழுவிட்டுதான் சார் வந்தேன்.”

“அப்ப நாளைக்கு வாங்க.”

நாளைக்குள் விரலில் ரேகை முளைக்கும் என்பது அந்த அலுவலகத்தின் நம்பிக்கை. நம்பிக்கையை நாம் கெடுக்கக்கூடாது. அவர் நேரே முதலாளி வீட்டுக்குப் போகிறார். அங்கே அட்டை கேட்பதில்லை, ரேகை கேட்பதில்லை, வட்டிகூடக் கிடையாது. நோட்டில் ஒரு வரி எழுதி அட்வான்ஸ் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியின் மகிமையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். பாவும் அவர் ஏற்பாடு. நெசவாளி தருவது உடம்பை மட்டும்தான், அவனுடையதையும் அவன் மனைவியுடையதையும். கூலி புடவைக்கு இவ்வளவு என்று பேச்சு. கறை இருந்தால் பிடித்தம், இழை விட்டிருந்தால் பிடித்தம், எடை குறைந்தால் பிடித்தம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் வேலை இல்லை, கூலியும் இல்லை, ஆனால் அடுப்பு எரிய வேண்டும், அட்வான்ஸ் ஏறுகிறது. மகள் கல்யாணம் என்றால் இன்னும் கொஞ்சம். இப்படி ஏறியதை எந்தக் காலத்திலும் கூலியில் கழிக்க முடியாது. கழிக்கக்கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட பணம் அது. வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை ‘எடுத்துக்கொள்ள’ வேண்டும். மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் எப்போதாவது அதிகாரிகள் ஜீப் எடுத்துக்கொண்டு போகிறார்கள், போட்டோ வருகிறது. பட்டுத் தறிப் பக்கம் ஜீப் வராது. மங்கலப் பொருளல்லவா? முகூர்த்தப் புடவைக்கு அடியில் அடிமைத்தனம் இருக்கும் என்று நினைப்பதே அபசகுனம். 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றித் தனி அறிக்கையே போட்டது. தமிழ்நாடு அதில் இருந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது பெரியவர்களாகி, அவர்கள் பேரிலேயே நோட்டில் பக்கம் திறந்திருக்கும்.

அடுத்து கூகி. கென்ய அரசு அவரை 1977 கடைசி நாளில் பிடித்துக் காமிட்டி சிறையில் போட்டது. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயு மொழியில் எழுதிய நாவல் தமிழிலும் வந்திருக்கிறது, ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில். அதில் திருடர்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் ஒரு போட்டி நடக்கிறது. சுதந்திரம் வந்தபின் பணக்காரர்களான உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் மேடையேறித் தாங்கள் அடித்த கொள்ளையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். காற்றையும் மண்ணையும் டப்பாவில் அடைத்து விற்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று விமர்சகர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஐயா, மண்ணுக்காவது டப்பா செலவு உண்டு. இங்கே வெறும் பெயரை விற்கிறார்கள். ஆரணியில் நெய்த சேலை காஞ்சிபுரம் என்று கடையேறும். விசைத்தறியில் அடித்த சேலை ஆரணிக் கைத்தறி என்று கடையேறும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊரின் பெயரைக் காப்பாற்ற ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஊரில் நெய்கிறவனைக் காப்பாற்ற எதைப் பதிவு செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் போட்ட சட்டம் இருக்கிறது. ஆரம்பத்தில் 22 ரகம், பிறகு 11. மீறி விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் எழுதினார்கள். ஐந்தாயிரம்! ஒரு நல்ல பட்டுப்புடவையின் முந்தானைக்கு ஆகுமா அது? அபராதம் கட்டுவதைத் தொழில் செலவில் எழுதிக்கொள்ளலாம், டீச்செலவுக்குப் பக்கத்தில்.

அச்செபேயின் திருட்டு கொஞ்சம் நுட்பமானது. 1966 ஜனவரியில் வந்த நாவலில் நங்கா என்றொரு அமைச்சர். துறை, கலாச்சாரம். புத்தகக் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறார். நாட்டின் பிரபலமான நாவல் எது என்று அவருக்குத் தெரியாது. இதை அச்செபே எங்கிருந்து எடுத்தார் என்பதற்குச் சாட்சியம் தருகிறேன். 2015 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, 1905-இன் சுதேசி இயக்கத்தை நினைவுகூர்ந்து, முதல் தேசியக் கைத்தறி நாள் சென்னையில் பிரதமர் கையால் தொடங்கிவைக்கப்பட்டது. 2020 ஜூலை 27-ஆம் தேதி அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. பதினோராம் நாள் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது. கருமாதிக் கணக்கு தவறக்கூடாது என்று யாரோ பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார்கள். நடந்தது 2020-இல், எழுதியது 1966-இல், அப்படியிருக்க எப்படித் திருட முடியும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். திருடனுக்கு முன்யோசனை அதிகம், அவ்வளவுதான்.

2019-20-இல் நடந்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது: நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே. விசைத்தறிக்காரனுக்கு விதித்த அபராதமும் நெசவாளியின் மாத வருமானமும் ஒரே தொகையில் நிற்கும் ஒற்றுமையைக் கவனியுங்கள்; அரசாங்கத்துக்குத் தாளம் தப்பாது. 2009-10-இல் 43 லட்சத்துக்கு மேல் இருந்த தறித் தொழிலாளர்கள் பத்தே வருஷத்தில் 35 லட்சமாகிவிட்டார்கள். வறுமையை ஒழிப்பது கஷ்டம், எட்டு லட்சம் பேரை ஒழிப்பது சுலபம்.

எமெச்செட்டாவை மன்னித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ‘தாய்மையின் மகிழ்ச்சிகள்’ என்று பெயர் வைத்துவிட்டு, லாகோசில் சிகரெட்டும் விறகும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள் ஒருத்தி, கடைசியில் சாலையோரத்தில் தனியாகச் செத்துக் கிடக்கிறாள் என்று 1979-இல் எழுதினார். எங்கள் ஊரில் தாரு சுற்றுகிறவள் யார், இழை அறுந்தால் பிணைக்கிறவள் யார், கோர்வைப் புடவைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்கிறவள் யார்? கூலி நோட்டில் அவள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கணக்கெடுப்பிலாவது நெசவாளர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று இருக்கிறது. முதலாளியின் நோட்டில் ஒரு புடவைக்கு ஓர் ஆள்தான்.

நியாயமாகப் பேசினால் எதிர்வழக்கும் வரலாம். நைஜீரியாவின் இக்போ பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் ‘ஜார்ஜ்’ துணிக்கு அந்தப் பெயர் எங்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனது என்பார்கள். நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைப் பரம்பரைச் சொத்தாகப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். அது பெருமையான பாதி. மறு பாதி இது: 18-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கும் பணமாகப் புழங்கியது. இங்கே நெய்தவனுக்கு அது தெரிந்திருக்காது. அவனும் கம்பெனியின் முன்பணத்தில் மாட்டிக் கிடந்தவன். முன்பணத்தில் கட்டுண்டவன் நெய்த துணியைக் கொடுத்து, சங்கிலியில் கட்டுண்டவனை வாங்கினார்கள். அந்த நோட்டு இன்னும் மூடப்படவில்லை. இப்போது வெள்ளைக்காரன் துணி எடுத்துக்கொண்டு போவதில்லை, உடுத்திக் கழித்ததை மூட்டை கட்டி அனுப்புகிறான். போதும் உங்கள் பழந்துணி என்று ருவாண்டா வரியை ஏற்றியது. 2018-இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. எங்கள் ஊரில் அட்வான்ஸ் பாக்கியைக் காட்டி மிரட்டுகிற அதே குரல்தான், ஆங்கிலம் மட்டும் கொஞ்சம் சுத்தம்.

இவ்வளவும் திருடியவர்கள் ஒன்றை மட்டும் சொந்தமாக எழுதினார்கள்: முடிவு. செம்பேனின் இன்னொரு நாவலில் ரயில் தொழிலாளர்கள், 1947 அக்டோபரில் தொடங்கி மறு வருஷம் மார்ச் வரை நிஜமாகவே நடந்த வேலைநிறுத்தத்தில், ஜெயிக்கிறார்கள். பெண்கள் தியெஸ் நகரத்திலிருந்து டக்கார் வரை நடந்தே போகிறார்கள். ஆர்மாவின் நாவலில் ஊழல் அமைச்சர் கூம்சன் ஆட்சி கவிழ்ந்ததும் கக்கூஸ் ஓட்டை வழியாக நுழைந்து தப்பி ஓடுகிறார். எங்களூர்க் கூம்சன்களுக்கு ஆட்சி மாறினால் வாசலுக்கே புதுக் கொடி கட்டிய கார் வருகிறது. வேலைநிறுத்தம் என்றாலோ, யாரை எதிர்த்து? வீட்டுக்குள் தறி போட்டிருப்பவன் தொழிலாளியே இல்லையாம், ‘சுயதொழில்’ செய்கிறவனாம். தன் முதலாளியை எதிர்த்து அவன் கதவடைப்புச் செய்தால் அடைபடுவது அவன் வீட்டுக் கதவு.

அமினாதா சோ ஃபால் இன்னும் துணிந்தார். 1979-இல் அவர் எழுதிய நாவலில், சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று நகரத்துப் பிச்சைக்காரர்களை அடித்துத் துரத்துகிறார் ஓர் அதிகாரி. பிறகு அவருக்குத் துணை அதிபர் பதவி வேண்டியிருக்கிறது. அதற்குப் பிச்சைக்காரர்களுக்குத் தானம் செய்தாக வேண்டும் என்கிறார் மதகுரு. கெஞ்சிப் பார்க்கிறார். வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பதவி போகிறது.

அம்மா, நீங்கள் ஆரணிக்கு வந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். நாளைக்கே ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டுத் தறிகள் எல்லாம் நின்றாலும் கடையில் ஒரு அலமாரிகூடக் காலியாகாது. விசைத்தறி ஓடும். ‘கையால் நெய்தது’ என்ற அட்டை ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. கல்யாணப் பெண் எதையும் கவனிக்கப் போவதில்லை, அவள் அப்பன் கவனிப்பது தள்ளுபடியை.

ஒரே ஒரு நாளில்தான் நாங்கள் இல்லாமல் ஆகாது. ஆகஸ்ட் 7, மேடையில் பொன்னாடை போர்த்த நிஜமாகவே தறி நெய்கிற ஓர் ஆள் வேண்டும், வயதானவராக இருந்தால் நல்லது. முதல் நாள் இரவே முதலாளிக்குப் போன் வரும், ஆளை அனுப்பிவையுங்கள் என்று. வரமாட்டேன் என்று சொல்ல இவர் என்ன சோ ஃபாலின் பிச்சைக்காரரா? நோட்டில் பாக்கி இருக்கிறதே. போவார், குனிவார், போர்த்திக்கொள்வார், வேனில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் காலையில் முதலாளி அதே நோட்டைத் திறந்து, நேற்றுத் தறி ஓடவில்லை என்று குறித்துக்கொள்வார்.