பின் சீட்டுக் கணக்கு

வா மாப்ள. எலக்ட்ரிக் வண்டி வாங்க வேகம், பவரு, வெலைன்னு நோட்டுல கட்டம் போட்டு வெச்சிருக்கியாமே, உங்கம்மா சொன்னா. பரீட்சைக்குக்கூட நீ இப்படிக் கட்டம் போட்டுப் படிச்சதில்ல.

வேகத்துலேர்ந்து வருவோம், ஒனக்கு அதுதானே உசுரு. ஐக்யூப் எண்பதை ஒட்டிப் போவும், ஏத்தர் 450எக்ஸ் 90, ஓலாவுல 120 போற ரகமும் இருக்குது. மூணுமே கிருஷ்ணகிரி ஜில்லாவுலதான் பொறக்குது. சரி, நம்ம பாண்டியில முத்தியால்பேட்டையிலேர்ந்து நேரு வீதிக்கு வர்ற நீ அந்த 120ஐ எங்க வெச்சு ஓட்டப் போற? சனி ஞாயித்துல வெளியூரு காருங்களுக்கு நடுவுல நடந்து போறவன் ஒன்னைத் தாண்டிடுவான். பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டியே விடறதில்ல. அங்க நீயும் நானும் ஒரே வேகம்.

லைசென்சுக்கு எட்டுப் போட பயமா? அதுக்கும் வண்டி இருக்குது. 250 வாட்டு மோட்டாரு, 25 கிலோமீட்டருக்கு மேல போவாது, லைசென்ஸும் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம். நாய் தொரத்துனாத்தான் சாமியைக் கூப்புடணும்.

பவருன்னு ஒரே கட்டத்துல கிலோவாட்டையும் கிலோவாட் மணியையும் போட்டுக் கொழப்பி வெச்சிருக்கியே ராசா. மொதலாவது மாட்டோட இழுவை, ரெண்டாவது அது தின்ன தீனி. ஏத்தர்ல 6.4 கிலோவாட்டுங்கறது இழுவை, 3.7 கிலோவாட் மணிங்கறது தீனி. ரொப்ப சுமாரா நாலு யூனிட்டு கரண்டு ஆவும். தட்டையா இருக்கற ஊர்ல அவ்ளோ இழுவை எதுக்கு? அரும்பார்த்தபுரம் மேம்பாலந்தான் ஒனக்கு இமயமலை. தீனியைப் பாரு.

வெலை? அது கவுருமெண்டு மனசைப் பொறுத்தது. ஒரு கிலோவாட் மணிக்கு மானியம் 2021ல 15,000 ரூவா, 2023ல 10,000, 2024ல 5,000, 2025ல 2,500. நீ யோசிக்க யோசிக்க அது தேயுது. சார்ஜருக்குத் தனியா பில்லு போட்ட கம்பெனிங்க, 2023ல பணத்தைத் திருப்பித் தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. மாட்டை வித்துட்டு மூக்கணாங்கயித்துக்குத் தனிக் காசு கேட்ட கதை. அதனால பில்லைக் கடைசி வரி வரைக்கும் படி. பேட்டரிக்கு எத்தினி வருசம், எத்தினி கிலோமீட்டரு வாரண்டின்னு எழுத்துல வாங்கு, வாய்ல வாங்காத.

இன்னொண்ணு. இங்க பெட்ரோல் வெலை தமிழ்நாட்டைவிடக் கம்மி, கடலூர்க்காரன் வந்து ரொப்பிக்கினு போறான். அப்ப கரண்டு வண்டியால அவனுக்கு மிச்சமாவறதைவிட ஒனக்கு மிச்சம் கொறச்சல்தான். போட்ட காசைத் திரும்ப எடுக்க அவனைவிடக் கூட நாளாவும். இதை எந்த சேல்ஸ்மேனும் சொல்ல மாட்டான்.

கடைசியா ரேஞ்சு. ஒரு சார்ஜுக்கு இத்தினி கிலோமீட்டருன்னு பெருசாப் போட்டிருப்பான். அது டெஸ்ட்டுல கெடச்ச கணக்கு. ரோட்டுல அதுலேர்ந்து ஒரு பங்கு கழிஞ்சுடும், எங்கூட ஏறினா இன்னொரு பங்கு. அவங்க டெஸ்ட்டுல நான் பின்னாடி உக்காரலியே. நாளைக்கு ஷோரூம் போறப்போ என்னையும் கூட்டிக்கினு போ, டெஸ்ட் ரைடுல பின் சீட்டு எனக்கு. அப்படியே பாகூர்ல எறக்கி உட்டுடு, அத்தை தேடிக்கினு இருப்பா.