லண்டன் கேபிள் காரில் ஆபீஸ் போவது எப்படி?

லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு கேபிள் கார் ஓடுகிறது. தென்கரையில் கிரீனிச் தீபகற்பம், வடகரையில் ராயல் டாக்ஸ். ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் இருக்கையில், 2012 ஜூன் 28 அன்று திறந்தார்கள். சுரங்க ரயில் வரைபடத்திலேயே இதற்கும் கோடு போட்டிருப்பதால் இது பொதுப் போக்குவரத்துதான். சந்தேகப் பிராணிகள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 2013-இல் வெளியான கணக்குப்படி, இதில் வாடிக்கையாக வேலைக்குப் போய்வந்தவர்கள் 4 பேர். ஐந்தாவதாகச் சேர விரும்புவோருக்குச் சில யோசனைகள்.

முதலில் வீடு பாருங்கள். ஒரு முனையத்தின் வாசலில் வீடும் மற்றதன் வாசலில் வேலையும் அமைவது உத்தமம். ஒலிம்பிக் நாட்களில் தென்கரை அரங்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் முடித்து, வடகரையின் எக்செல் அரங்கில் குத்துச்சண்டை பார்க்க ஓடுகிறவருக்கு இந்தப் பாதை கச்சிதம். ஆனால் அந்தத் தேவை அந்த ஆகஸ்டோடு தீர்ந்துவிட்டது.

முனையத்துக்குப் போகும் வழியில் நார்த் கிரீனிச் ஸ்டேஷன் கண்ணில் படும். பார்க்காதீர்கள். அங்கே ஜூபிலி லைனில் ஏறினால் அடுத்த நிறுத்தமே அக்கரை. ஆறு தலைக்கு மேல் போனதுகூடத் தெரியாது. சபலம் தட்டும், தாண்டிப் போய்விடுங்கள்.

டிராவல்கார்டு இருக்கிறதே என்று மிதப்பாகப் போகாதீர்கள், இதற்குத் தனிக் காசு. கட்ட ஆன செலவு சுமார் 6 கோடி பவுண்டு. மேயர் போரிஸ் ஜான்சன் காலத்துத் திட்டம். எமிரேட்ஸ் விமான நிறுவனம் 10 ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டு கொடுத்துப் பெயரை எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஆற்றைத் தாண்டும் சீட்டுக்கு ‘போர்டிங் பாஸ்’ என்ற பவிசு வந்தது. 2022-இல் பெயர்ப்பலகை ஐஎஃப்எஸ் என்ற ஸ்வீடன் மென்பொருள் நிறுவனத்துக்குக் கைமாறியது. வழி கேட்கையில் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு, “அந்தக் கேபிள் கார்” என்று கேளுங்கள். போதும்.

ஏறுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முனையத்துக்குள் வந்ததும் பெட்டி கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். மேலே வரிசையாகச் சுழலும் டயர்கள் தள்ள, நடைமேடை ஓரமாக ஊர்ந்து வரும். நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கதவு திறந்ததும் கூடவே இரண்டடி நடந்து உள்ளே போய்விட வேண்டும். பெட்டிக்கு 10 பேர். கதவு மூடியதும் மறுபடி கம்பியைக் கவ்விக்கொண்டு, முறுக்கிய பின்னல் போல நிற்கும் வெள்ளைக் கோபுரங்களைத் தாண்டி 90 மீட்டர் உயரத்துக்குப் போகும். எதிர் இருக்கைக் குடும்பம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேனரி வார்ஃப் கட்டடங்களைப் படம் பிடிக்கும். நீங்கள் லேப்டாப்பைத் திறந்தால் உங்களையும் பிடிக்கும். அவர்கள் ஊருக்குப் போய்க் காட்ட அதுதான் அபூர்வக் காட்சி.

பலத்த காற்று என்றால் நிறுத்திவிடுவார்கள். “காற்றடித்தது, அதனால் தாமதம்” என்று மேலதிகாரியிடம் சொல்ல முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

விவாதத்தில் யாராவது நியூயார்க்கை இழுத்தால் பேச்சை மாற்றவும். ரூஸ்வெல்ட் தீவுக் கேபிள் கார் 1976-இல் வந்தபோது அந்தத் தீவுக்குச் சுரங்க ரயிலே கிடையாது, 1989-இல்தான் வந்தது. அதற்குள் தீவுக்காரர்களுக்குப் பழகிவிட்டது, இன்றும் சாதாரண சப்வே கட்டணத்தில் போகிறார்கள். அதாவது, சுரங்க ரயில் இல்லாத இடத்தில் போட்டார்கள். அந்தச் சமாசாரம் நம் வாதத்துக்கு உதவாது.

கடைசியாக, ஈஸ்ட் ஹாம் தமிழர்களுக்கு. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவை வேலைநாள் காலையில் இதில் கூட்டிப்போக வேண்டாம். நெரிசல் நேரத்தில் வேகம் கூட்டி ஐந்தே நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள், கொடுத்த காசுக்குப் போதாது என்று அவர் முகம் சுளிப்பார். மத்தியானம் போனால் பத்து நிமிடம் ஓடும். திரும்பி வரவும் சேர்த்தே சீட்டு எடுத்துவிடுங்கள்.