பச்சைக் குழந்தையும் பாயும் ராட்டினமும்

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 40 நாள். ஆபீஸில் எல்லோரும் குடும்பத்தோடு சென்னையில் தீம் பார்க் போகிறார்கள். நாங்களும் போகலாமா?
– ஒரு புது அப்பா, திருச்சி

பதில்: யாருக்காகப் போகிறீர்கள்? உங்கள் பிள்ளைக்கு இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிவது ஒரு அடி தூரம்தான். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். அதற்கு அப்பால் சுற்றும் ராட்டினமும் வீட்டு ஃபேனும் அதற்கு ஒன்றுதான். ஃபேனுக்கு டிக்கெட் இல்லை.

ரைடு வாசலில் உயரம் அளக்கக் கோடு போட்டிருப்பார்கள். பிள்ளை நிமிர்ந்து நின்றால்கூட (எங்கே நிற்பது, கழுத்தே இன்னும் நிற்கவில்லை) உங்கள் முழங்கால் உயரம்தான் இருக்கும். விஜிபி பார்க்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரிடம் காட்டலாம் என்றால், அவரைச் சிரிக்க வைக்க முடியாது என்று பெயர். உங்கள் வாரிசும் இப்போதுதான் சிரிக்கப் பழகுகிறது. எதிரெதிரே நிறுத்தினால் முதலில் தூங்கிவிடுவது யார் என்பதுதான் போட்டி.

விளையாட்டு இருக்கட்டும். 6-வது வாரத் தடுப்பூசியே நாளை மறுநாள்தான். கூட்டத்தில் யாராவது இருமினால் போதும். 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நேரே டாக்டரிடம் ஓட வேண்டும். சென்னை வெயிலுக்கு சன்ஸ்கிரீன் தடவவும் 6 மாதம் ஆக வேண்டும்.

இரண்டு மணிக்கொரு முறை பால். அப்படியானால் ஒருவர் அலைக்குளத்தில், ஒருவர் நிழல் தேடி பெஞ்சில். பெஞ்சில் யார் என்று அந்தப் பச்சை உடம்புக்காரியிடம் கேட்டீர்களா? கேள்வியில் அவரைக் காணோமே!