கோலிவாடா ஒரு பிளேட்

ஹார்பர் லைனில் வடாலா ரோடுக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் கோலிவாடா என்று பெயர். கோலி என்றால் மீனவர், வாடா என்றால் குடியிருப்பு. இன்று பலகையில் இருப்பது குரு தேக் பகதூர் நகர். பழைய பெயர் போயிற்றே என்று யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம். எந்த ஊர் ஹோட்டலிலும் மெனு கார்டைப் புரட்டுங்கள்: பிரான் கோலிவாடா, சிக்கன் கோலிவாடா, சைவர் மனம் நோகாதிருக்க பனீர் கோலிவாடா. ஒரு குலத்தின் ஊர்ப்பெயர் பலகையிலிருந்து இறங்கி, மாவில் முங்கி, எண்ணெயில் பொரிந்து, வெங்காயம் எலுமிச்சையோடு தட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதைவிடப் பத்திரமான இடம் வேறு எது?

அந்தப் பண்டமே கோலிகளுடையது இல்லை. பிரிவினையில் எல்லாம் இழந்து வந்து அங்கே கடை போட்ட ஒரு பஞ்சாபிக்காரரின் கைப்பக்குவம் என்பார்கள். வீடிழந்து வந்தவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. மெச்ச வேண்டியது இந்த நகரத்தின் சாமர்த்தியத்தை.

1995-ல் பம்பாய் மும்பை ஆயிற்று. மும்பாதேவி கோலிகள் கும்பிட்ட அம்மன். அம்மன் பெயரை ஊருக்குச் சூட்டியாயிற்று; அம்மன் பிள்ளைகளின் வீட்டைப் பார்த்து "இது ஜோப்படபட்டி (சேரி), காலி பண்ணு" என்றாயிற்று. தாராவி கோலிவாடாவை பம்பாயின் பெரிய கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாக 1909 கெஜட்டியர் எழுதி வைத்திருக்கிறது. சேரி பிறகு வந்தது, மீனவர் முன்பே இருந்தார்கள். ஆனால் கெஜட்டியரை யார் படிக்கிறார்கள்? 2012-ல் சயான் கோலிவாடாவில் புல்டோசர் வந்தபோது, "இது சேரி இல்லை, எங்கள் ஊர்" என்று கத்தியவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். வர்ளி கோலிவாடாக்காரர்கள் கோஸ்டல் ரோடு தூண்களுக்கு நடுவே படகு போக 200 மீட்டர் வழி கேட்டார்கள். வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2022 கடைசியில் 120 மீட்டர் வாக்களிக்கப்பட்டது. கடல் அவர்களுடையதுதான், கேட் மட்டும் நம்முடையது.

இதையெல்லாம் நம்மவர் குடியேறிய மாட்டுங்காவில் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே ஒரு மாமாவிடம் சொன்னேன். யாழ்ப்பாண நூலகம் என்றால் கண் கலங்குகிறவர். 1981, 97,000 புத்தகங்கள் என்று எண்ணோடு சொல்வார். "அது கலாசாரப் படுகொலை ஓய்! இது டெவலப்மெண்ட். மெட்ரோ வேண்டாங்கறேளா?" என்றார்.

மாமா, எந்தப் பௌர்ணமிக்கு எந்த மீன் ஏறும் என்று எழுதியிருந்த நூலகம் கோலிகளின் கழிமுகம். எரித்தால் புகை வரும், உலகம் திரும்பிப் பார்க்கும். மண் கொட்டி நிரப்பினால் டவர் வரும், நாம் புக்கிங் செய்வோம்.

மெட்ரோ என்றாரே, அதற்கும் வருகிறேன். மும்பைக்குள்ளேயே இருக்கும் ஆரேயில் 27 ஆதிவாசிப் பாடாக்கள், அதாவது குடியிருப்புகள். வார்லிகள், கோக்ணாக்கள், மல்ஹார் கோலிகள். சிறுத்தை உலவும் அந்த மண்ணில் புலித் தெய்வம் வாகோபாவுக்குக் கோயிலும் உண்டு. 2019-ல் அரசாங்கம் மட்டும் அதைக் காடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. சிறுத்தைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் அக்டோபர் 4-ல், மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பம் ஓடத் தொடங்கியது. 7-ம் தேதி உச்சநீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் மரங்கள் தரையில். பள்ளம் விழுந்த ரோட்டை மூட ஒரு மழைக்காலம் எடுத்துக்கொள்ளும் ஊரில் இப்படியொரு சுறுசுறுப்பு!

வார்லிகளின் ஓவியத்தை அறியாதவர் இல்லை. கல்யாண வீட்டு மண்சுவரில் அரிசி மாவைக் குழைத்து பெண்கள் எழுதுவது. நடுச் சதுரத்தில் பாலகாட் தேவி; அவள் வந்து அமராமல் தாலி ஏறாது. இன்று அந்த வட்டத் தலை, முக்கோண உடம்பு ஆட்களை ரயில்வே சுவரிலும் காபிக் கோப்பையிலும் பார்க்கலாம். 2014-ல் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தாயிற்று. மெட்ரோவுக்காக வீடிழந்த பிரஜாபூர் பாடா ஆதிவாசிகளுக்குச் சேரி மறுவாழ்வுக் கட்டடத்தில் இடம் கொடுத்தாயிற்று. மண்சுவர் இல்லை, முற்றம் இல்லை. தேவிக்கு லிஃப்ட் இருக்கிறது.

புவிசார் குறியீடாம்! புவியைப் பிடுங்கிக்கொண்டு குறியீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

மராட்டியர்கள் அப்படித்தான் என்று யாரும் தலையாட்ட வேண்டாம். தோடர் பூத்தையலுக்கு நாமும் 2013-ல் அதே குறியீட்டை வாங்கிக் கொடுத்தோம். அதற்கு வெகு முன்பே அவர்கள் எருமை மேய்ந்த புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நட்டாயிற்று. எருமைப்பாலே பூசையாக, பால்மனையே கோயிலாக வாழ்ந்தவர்களுக்கு மேய்ச்சல் நிலம் போயிற்று. நமக்கு ஊட்டியில் சால்வை கிடைத்தது. பேரம் பேசித்தான் வாங்கினோம்.

மாட்டுங்கா மட்டும் என்ன, வானத்திலிருந்து விழுந்ததா? பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைத்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், வயலையும் குக்கிராமத்தையும் மட்டமாக்கிக் கோடு போட்ட மனைகள் இவை. நமக்கு முன்பே இங்கிருந்த கிராம தேவதை மருபாய் இன்னும் நம் நடுவில்தான் இருக்கிறாள். அவளைக் கொண்டாடிய ஊர் எங்கே என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. 1966-க்குப் பிறகு சிவசேனை லுங்கிக்காரர்களை விரட்டக் கிளம்பி, உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல் விழுந்தபோது, "மண்ணின் மைந்தன் என்ற பேச்சே அநியாயம்" என்று மாமாவின் தலைமுறை நடுங்கியது. நியாயமான நடுக்கம். அந்த மைந்தர் கூச்சலிலும் மண்ணின் உண்மையான மைந்தர்களான கோலிக்கும் வார்லிக்கும் பங்கு கிடைக்கவில்லை என்பதை மட்டும் இரு தரப்பும் கவனிக்கவில்லை.

கோலிவாடா பலகையில் இப்போது இருக்கும் குரு தேக் பகதூர் யார்? 1675-ல் தில்லியில், தன் மதத்தாரே அல்லாத காஷ்மீரப் பண்டிதர்களின் நம்பிக்கைக்காகத் தலையைக் கொடுத்தவர் என்று சீக்கியர்கள் போற்றுகிறவர். அப்படிப்பட்டவரைக் கேட்டிருந்தால், இன்னொருவர் பெயரை அழித்துவிட்டு என்னை ஏற்றாதே என்றிருப்பார்.

நம்மிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை. தட்டிலிருந்து கொஞ்சம் தூக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தூக்கலாம். அதற்குள் காபி ஆறிப்போகுமே என்றுதான் மாமாவுக்குக் கவலை.