வரியும் தெருவும்

கேள்வி: வரி கூடினால் பிரெஞ்சுக்காரர்கள் தெருவுக்கு வருகிறார்கள். மருத்துவச் செலவில் நொந்துபோகும் அமெரிக்கர்கள் ஏன் அப்படி வருவதில்லை?

பதில்: பிரெஞ்சுக்காரர்களுக்குச் சீருடை தயாராக இருக்கிறதே! காரில் மஞ்சள் சட்டை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எரிபொருள் வரி 2019 ஜனவரியில் மறுபடி ஏறும் என்றதும், 2018 நவம்பரில் அதையே மாட்டிக்கொண்டு ரவுண்டானாக்களை மறித்துவிட்டார்கள். அரசு வாங்கச் சொன்ன சட்டை, அரசுக்கு எதிராகவே! டிசம்பரில் வரி உயர்வு வாபஸ்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் பிரான்ஸில் வரியாகப் போகிறது. அமெரிக்காவில் கால்வாசியைச் சற்றே தாண்டும். ஆனால் மருத்துவத்துக்கு அமெரிக்கா கரைப்பது சுமார் 17 சதவீதம். பிரான்ஸ் 12-க்குள் முடித்துக்கொள்கிறது. (சராசரி ஆயுளும் பிரெஞ்சுக்காரருக்குத்தான் நாலு வருடம் கூட. அந்த ஒயினையும் வெண்ணெயையும் மீறி!)

பிரான்ஸில் பணம் பெரும்பாலும் அரசு வழியாகப் போகிறது. திட்ட ஒரு ஆள் இருக்கிறார். அமெரிக்கர் கொஞ்சம் வரியாக, கொஞ்சம் பிரீமியமாக, மீதியை ஆஸ்பத்திரி பில்லாகக் கட்டுகிறார். அமைச்சர் மேல் கோபம் என்றால் ஊர்வலம் போகலாம். இன்சூரன்ஸ் கம்பெனி மேல் கோபம் என்றால், ஆங்கிலத்துக்கு எண் ஒன்றை அழுத்த வேண்டியதுதான்!