ரதியின் மீசை: காமன் கூத்தின் தீராத வழக்கு குறித்து ஓர் ஆய்வு

காமன் கூத்தைப் பற்றி இலங்கை மலையகத்தில் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சடங்கு என்றார்கள், நாடகம் என்றார்கள், கடல் கடந்து வந்தவர்கள் மடியில் முடிந்துகொண்டு வந்த ஊர் ஞாபகம் என்றும் சொன்னார்கள். மாத்தளை வடிவேலன் தோட்டத்து மரபுக் கலைகளைத் தேடிப் பதிவு செய்தார். மடக்கும்பர தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்த சனங்கள் பாடிய பாட்டுகளைச் சேகரித்தார். ஆனால் ரதி வேஷம் கட்டுகிறவரின் மேலுதட்டுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை மட்டும் அறிவுலகம் ஏனோ தொடாமலே விட்டுவிட்டது. மூக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள அந்த ஓரங்குல நிலமே இக்கட்டுரையின் ஆய்வுக் களம்.

முதலில் களத்தைச் சுற்றியுள்ள நிலவரம். மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறை பார்த்து, தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதற்குப் பிறகு பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும்வரை ரதிக்கும் மன்மதனுக்கும் ஓய்வில்லை. இருவரும் லயம் லயமாகப் போய் வாசலுக்கு வாசல் ஆட வேண்டும். கடைசி இரவில் கதை முழுவதும் நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் ஆகும். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்ப மன்மதன் கரும்பு வில்லோடு புறப்படுவான். போகாதே என்று ரதி மறிப்பாள். அவன் கேட்க மாட்டான். நெற்றிக்கண் திறக்கும். எல்லாம் எரிந்து முடிந்தபின் ரதி அழுது மன்றாடி, தன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி புருஷனைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். டிக்கெட் கிடையாது, திரை கிடையாது, சம்பளமும் கிடையாது. நடிப்பவர்கள் பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள். ஒரு வாத்தியார் பாட்டும் அடவும் சொல்லிக்கொடுப்பார். தப்பு அடித்தால் போதும், கோயில் வாசலே மேடை.

பெண் வேஷமானாலும் ரதியைக் கட்டுவது ஆண்தான், அதுதான் வழக்கம். தமிழ் ஆணுக்கோ மீசை உண்டு. இந்த இரண்டு உண்மைகளும் ஒரே முகத்தில் சந்திக்கும் இடத்தில்தான் நமது பிரச்சினை பிறக்கிறது.

பிரச்சினையை வகுத்துக்கொள்ளும் முறையைக் காமன் பண்டிகையே நமக்குக் கொடுத்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தப் பண்டிகையின்போது லாவணி பாடுவார்கள். மராத்தியர் ஆட்சியோடு அங்கே வந்து சேர்ந்த பாட்டு வடிவம் அது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவற்றுக்குப் பெயர். விடிய விடியப் பாடுவார்கள். வழக்கு முடியாது, அடுத்த வருஷமும் பாடுவார்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி, நமது துறையில் மழித்த கட்சி, மழிக்காத கட்சி என்று இரண்டு கட்சிகளை இக்கட்டுரை முன்மொழிகிறது. வள்ளுவரை நடுவராக அழைக்க முடியாது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில், 280ஆம் குறளில், மழிப்பது நீட்டுவது இரண்டுமே வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே ஒதுங்கிக்கொண்டார்.

மழித்த கட்சியின் வாதம் எளிது: ரதி உலக அழகி, அழகிக்கு மீசை ஆகாது. மழிக்காத கட்சி கணக்கோடு வருகிறது. முகத்து மயிர் ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளரும். மூன்றாம் பிறையிலிருந்து பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால், கம்பம் ஊன்றும் அன்று ஒருமுறை மழித்த ரதிக்குக் காமன் எரியும் அன்று கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் மீசை இருக்கும். ஆகவே ஒருமுறை மழிப்பது வீண். நாள்தோறும் மழிக்க வேண்டும். நாள்தோறும் மழிப்பது எங்கே? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியற்காலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அந்த நேரத்தில் பீலித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு பிளேடைத் தொடுவதற்குக் கலையார்வம் மட்டும் போதாது. (இதே குளிரும் காற்றும்தான் ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ள பகுதித் தேயிலைக்கு நல்ல மணத்தையும் ஏலத்தில் நல்ல விலையையும் கொண்டுவருகின்றன. தேயிலைக்கு ஆவது ரதிக்கு ஆகாது.)

கணக்கு இன்னும் நுணுக்கமாகப் போகும். பொழுது சாய மழித்துவிட்டு இராத்திரி முழுவதும் ஆடினால், விடியும்போது மேலுதட்டில் 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் கருமை தட்டியிருக்கும். ரதி புலம்புவது அந்த நேரத்தில்தான். மழித்த கட்சிக்கு இது தோல்வி போலத் தெரியலாம். ஆனால் தமிழ்ச் சினிமா அவர்களுக்குத் துணை நிற்கிறது: காதலைப் பறிகொடுத்தவர் முகத்தில் தாடி முளைப்பது நம் மரபில் துயரத்தின் அங்கீகரிக்கப்பட்ட அடையாளம். அந்த நியாயப்படி பார்த்தால், விடியற்காலை ரதிக்குத் தாடியே இருந்தாலும் பாத்திரப் பொருத்தம் கெடாது.

மூன்றாவதாக அரிதாரக் கட்சி என்றும் ஒன்றைச் சொல்லலாம். மீசை இருந்தபடியே இருக்கட்டும், மேலே பவுடரும் சாயமும் கனமாகப் பூசிவிடுவோம் என்பது அதன் கொள்கை. வியர்க்கும்வரை இக்கொள்கைக்குப் பழுதில்லை.

வெளியுலக நிலவரமும் ஆறுதல் தருவதாக இல்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் ஒருநாள் வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே நாடகம் பார்க்க வந்துவிட்டாராம். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று விசாரித்ததற்கு, ராணிக்கு இன்னும் சவரம் முடியவில்லை என்று பதில் வந்ததாம். 1740இல் வெளிவந்த தன்வரலாற்றில் நடிகர் காலி சிபர் இதைச் சொல்கிறார். ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் கைத்தொழிலாளிகள் சிலர் சேர்ந்து, வேலை முடிந்த நேரத்தில் ஒரு நாடகம் பழகுவார்கள்; தோட்டத்துக் கூத்துக்காரர்களுக்கு உலக இலக்கியத்தில் இவர்களைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. அதில் துருத்தி பழுதுபார்க்கும் ஃப்ளூட்டுக்குப் பெண் வேஷம் விழும். தனக்குத் தாடி முளைக்கிறதே என்று அவன் தட்டிக்கழிக்கப் பார்ப்பான். அவன் சாக்கு எடுபடாது. ஜப்பானியக் கபுக்கியில் 1629இல் பெண்களுக்குத் தடை வந்தது. இளைஞர்கள் பெண் வேஷங்களைக் கட்டினார்கள். 1652இல் அவர்களுக்கும் தடை வந்தது. பிறகு நடிகர்கள் முன்னெற்றி மயிரை மழித்துக்கொண்டுதான் மேடையேறலாம் என்று ஆனது. மேலுதட்டை மட்டும் கேட்கிற நமது காமன் கூத்து அந்த வகையில் தாராளமானது.

மழிக்காத கட்சியின் மாபெரும் தலைவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். விஜயவாடாவில் கல்லூரி மாணவராக இருந்த என்.டி. ராமராவுக்கு ஒரு நாடகத்தில் நாகம்மா என்ற பெண் வேஷம் கிடைத்தது. மீசையை எடுக்க மாட்டேன் என்று மறுத்து, மீசையோடேயே மேடையேறினார். ‘மீசை நாகம்மா’ என்று பொருள்படும் பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் கிருஷ்ணனாக நடித்தார், 1983இல் ஆந்திர முதலமைச்சர் ஆனார். மீசையை மழிக்காதவர் எதிர்காலம் பாழாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி சமயச் சிக்கல். ரதியும் மன்மதனும் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள். காப்புக் கட்டினவர் காப்பு அவிழ்க்கும்வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்பது நம் கோயில்களில் பரவலான வழக்கம். அதை அப்படியே பிடித்துக்கொண்டால், ரதியாவதற்கான தகுதியே ரதியை ரதி போலத் தெரியவிடாமல் செய்துவிடும். விரதம் காத்தால் மீசை வரும், மீசையை எடுத்தால் விரதம் போகும். இந்த முடிச்சைச் சாஸ்திரம் அவிழ்ப்பதாகத் தெரியவில்லை. தோட்டத்து வாத்தியார்மார் அவிழ்த்துவிடுவார்கள். நன்றாக அழத் தெரிந்த பையன் கிடைத்தால் சாமி கோவிக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிற ஞானம் அவர்களுக்கு உண்டு.

களத்தில் கவனிக்கத்தக்க இன்னொன்று, மீசை அழியாமை விதி. காமன் கூத்தில் எமன் வருவான், வீரபத்திரன் வருவான். இருவரும் சிறுபிள்ளைகளை அலறவைக்க வேண்டியவர்கள், ஆகவே இருவருக்கும் இயற்கை கொடுத்ததற்கு மேல் மீசை தேவை. மையிட்டுக் காதுவரை இழுத்துவிடலாம். ரதி இழந்த மீசையை எமனின் உபரி மீசை ஈடுசெய்துவிடுகிறது. மேடையில் உள்ள மீசையின் மொத்தக் கொள்ளளவு மாறுவதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. இயற்பியலார் சரிபார்க்கலாம்.

விளைவுகளுக்கு வருவோம். ரதி இரவில் ரதி. விடிந்து பிரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது மீசையில்லாத ஓர் ஆள். “என்னா மச்சான், மீசையக் கவ்வாத்து வெட்டிட்டாங்களா?” என்று யாராவது கேட்பதைத் தடுக்க எந்தத் தொழிற்சங்கத்தாலும் முடியாது. கேட்கிறவர் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மறுபடி கொழுந்துக்கு வர மாதங்கள் ஆகும், மீசை அதற்கு முன்பே வந்துவிடும்.

அரச நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. தேசிய அடையாள அட்டையில் மீசையோடு படம் எடுத்தவர், யுத்த காலத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் மழித்த முகத்தோடு நின்றால் நிலைமை என்ன என்று எண்ணிப் பாருங்கள். “நான் ரதி” என்பது அங்கே செல்லுபடியாகும் விளக்கம் அல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு, அட்டையே இல்லாததால் இந்தச் சிக்கலே எழாத ஆட்கள் ஏராளம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மன்மதன் தலைமன்னாரில் கப்பலேறி, ரதி இங்கேயே நின்றுவிட்டால், அந்தத் தோட்டத்தில் அடுத்த மாசிக்கு யாரை எரிப்பது? மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி தீர 2003 வரை ஆனது. அந்தக் காலம் முழுவதும் தோட்டங்களில் மன்மதன் வருஷந்தோறும் எரிந்தான், வருஷந்தோறும் எழுந்தும் வந்தான். எழுந்து வருவதற்கு அவனிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

இவ்வளவு அலசியும் ஆய்வுக்குச் சங்கடமான ஒரு தகவலை மறைக்க முடியாது. ரதியின் மேலுதட்டைப் பெண்கள் பார்ப்பதேயில்லை. தோட்டத்தில் தீர்ப்பு பாதிக்கு மேல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்து, கூடையை நிறுத்துவிட்டு, அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டபின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். புலம்பல் நேரம் வந்ததும் ரதியின் குரலைத்தான் உற்றுக் கேட்பார்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லிப் பழகியவர்களுக்கு எந்த இடத்தில் மூச்சு அறுபட வேண்டும், எந்த இடத்தில் சொல் இழுபட வேண்டும் என்பது தெரியும். பொய்யாக அழும் ரதி அவர்களிடம் தப்ப முடியாது. மீசை மழித்திருந்தாலும் முடியாது. நன்றாக அழுகிற ரதிக்கு மீசை இருந்தாலும் அவர்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காளிதாசர் குமாரசம்பவத்தின் நான்காம் சர்க்கம் முழுவதையும் ரதியின் புலம்பலுக்கே கொடுத்தார். அவரும் மேலுதட்டைப் பற்றி எழுதவில்லை.

அப்படியானால் அந்தப் பையன் ஏன் மழிக்கிறான்? பார்க்கிறவர் கேட்கவில்லை, சாஸ்திரம் சம்மதிக்கவில்லை, குளிர் விடவில்லை. இக்கட்டுரையின் முடிவு இதுதான்: காமன் கூத்தில் கூலி ஆடுகிறவனுக்கு வருவதில்லை, ஆடுகிறவனிடமிருந்து போகிறது. இரவுத் தூக்கத்தைக் கொடுக்கிறான், மறுநாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, கொடுக்கிறான், எல்லாருக்கும் தெரியும்படி மீசையையும் கொடுக்கிறான். வேறு எதையும் காசாக மாற்றிச் சொல்லிவிடலாம். மீசைக்குத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பத்தி கிடையாது. ஆகவே வழக்கு மழித்த கட்சிக்குச் சாதகமாகத் தீர்க்கப்படுகிறது. செலவுத்தொகை மழிக்காத கட்சிக்கு.

நகரத்து மேடைகளில் பெண்களே ரதியாக ஆடத் தொடங்கினால் இந்த ஆய்வு முழுவதும் காலாவதியாகும். அது நடக்கட்டும். அதற்குள் மாசி மாதத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் வர நேர்ந்தால், எந்தத் தோட்டத்தில் காமன் ஊன்றியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விடியும்வரை உட்கார வேண்டியிருக்கும், கனமான கம்பளியாக எடுத்துவாருங்கள். ரதி தட்டோடு உங்கள் பக்கம் வந்தால் ஏதாவது போடுங்கள், பிளேடு வாங்கவாவது ஆகும்.