விடையொப்புத் திணை: ஓர் ஆராய்ச்சி

அன்பின் ஐந்திணைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் தேர்வுக்கூட வாசலை விட்டுவிட்டார். அக்குறையைப் போக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். களம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே வி.சி.இ. எனப்படும் பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கிலத் தாள் அக்டோபர் கடைசியில் வரும். வாசிக்க 15 நிமிடம், எழுத 3 மணி நேரம். அதன் மூன்றாம் பகுதியில், மாணவர் அதுவரை கண்டிராத ஒரு கட்டுரையைக் கொடுத்து, எழுதியவர் எந்தச் சொல்லால் நம்மை எப்படி வளைக்கப் பார்க்கிறார் என்று ஆராயச் சொல்வார்கள். அது முடிந்து வெளியே வந்தவர்கள் செய்வதே நம் பாடுபொருள்.

முதற்பொருள்: நிலம், கூடத்துக்கு வெளியே உள்ள படிக்கட்டு. தென்கோளமாதலால் அக்டோபரில் பெரும்பொழுது இளவேனில், சிறுபொழுது நண்பகல். பொழுதை மட்டும் பார்ப்பவர் இது பாலை என்று தீர்ப்பளித்துவிடக்கூடும். அவசரம் வேண்டாம். கருப்பொருள்: லேபிள் உரித்த தண்ணீர் பாட்டில், மூடி தொலைந்த ஹைலைட்டர், அகராதி. அகராதிக்கு அனுமதி உண்டு. ஆனால் பெரும்பாலும் அது மேசையில் படுத்து ஓய்வெடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. உரிப்பொருள்: ஒப்பிடலும் ஒப்பிடல் நிமித்தமும்.

இங்கேதான் சிக்கல். திணைக்கு ஓர் உரிப்பொருள் என்பது மரபு. படிக்கட்டிலோ ஐந்தும் பத்தே நிமிடத்தில் நிகழ்கின்றன. ஒரே விடை எழுதியவர்கள் கட்டிக்கொள்வது புணர்தல். வேறு கூடத்தில் எழுதிய தோழி வரும்வரை காத்துக் கிடப்பது இருத்தல். "கடைசிப் பத்தி எழுதவே இல்லடி" என்பது இரங்கல். அம்மாவின் கார் வந்துவிட்டால் பிரிதல். எஞ்சியது ஊடல். ஆராய்ச்சிக்குத் தீனி அதில்தான் இருக்கிறது.

ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் கட்டுரையாளரின் தொனி. 2016 தேர்வில் ஒரு கற்பனை ஊர், சுற்றுலாப் பயணிகளை இழுக்க ராட்சதத் தர்பூசணி அமைக்கலாமா என்ற விவாதத்தைக் கொடுத்திருந்தார்கள். (சிரிக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸின் காஃப்ஸ் ஹார்பரில் 1964 முதல் ராட்சத வாழைப்பழம் ஒன்று நிற்கிறது.) இப்படிப்பட்ட கட்டுரையை ஒருத்தி ஆதங்கம் என்று எழுதியிருப்பாள், இன்னொருவன் கிண்டல் என்று. சான்று காட்டி நிறுவினால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பகுதியையும் இரு திருத்துநர்கள் தனித்தனியே பத்துக்கு மதிப்பிடுவது மாநில வழக்கம். விடை ஒன்றேயான கணக்குத் தேர்வுக்குப் பின் ஒப்பிட்டால் பொருளுண்டு. இங்கே எதனோடு எதை ஒப்பிடுவது?

ஆயினும் ஒப்பிடுகிறார்கள். எப்படி என்று கேளுங்கள்.

"எல்லாரும் கிண்டல்னுதான் எழுதியிருக்காங்க." பெரும்பான்மையைக் காட்டி அச்சுறுத்தல். "எங்க டீச்சரே போன வாரம் இதைத்தான் சொன்னாங்க." அதிகாரச் சான்று. "நமக்கெல்லாம் இந்த வருஷம் இதே கதிதான்." கேட்பவரையும் உள்ளிழுக்கும் உளப்பாட்டுப் பன்மை. "இதுகூடப் புரியாம என்னத்த எழுதின?" விடை வேண்டா வினா. ஒரு மணி நேரம் வினாத்தாளில் ஹைலைட்டரோடு தேடியலைந்த உத்திகள் அத்தனையும் ஐந்து நிமிடத்தில் தானாக வந்து விழுகின்றன. போதாக்குறைக்கு எதிராளி சொல்கிறாள்: "நீ சத்தமா பேசுற. உனக்கே சந்தேகம், அதை மறைக்கத்தான் என்னைப் பயமுறுத்துற." உத்தி, நோக்கம், விளைவு மூன்றும் அடங்கிய அப்பழுக்கற்ற பகுப்பாய்வு. கூடத்துக்குள் இப்படி இரண்டு வரி எழுதியிருந்தால் திருத்துநர் மகிழ்ந்திருப்பார். வெளியே சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது.

விதிவிலக்கு ஒன்றையும் குறிக்க வேண்டும். கூடுதல் தாள் வாங்கி எழுதியவர், படிக்கட்டின் ஓரத்தில் நின்று, "நான் சுத்தமா சொதப்பிட்டேன்" என்பார். இது இரங்கல் போலத் தோன்றும், இரங்கலன்று. மெய்ப்பாட்டில் பெருமிதத்தின்பாற் படும். இவரை நம்பி ஆறுதல் அடைந்தவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

ஆக, இவர்கள் தேடுவது சரியான விடையையன்று, தம்மைப் போலவே எழுதிய இன்னொருவரை என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்படி ஒருவர் அகப்பட்டதும் இருவரும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவதே சான்று.

விக்டோரிய மாநிலப் பாடத்திட்ட, மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம். மூன்றாம் பகுதிக்காகக் கற்பனை ஊரும் தர்பூசணியும் தேடி அலைய வேண்டாம். படிக்கட்டில் ஒருவரை உட்காரவைத்து, காதில் விழுவதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்; அடுத்த ஆண்டு வினாத்தாளில் அதையே அச்சிடுங்கள். மாணவர்கள் அதையும் வெளியே வந்து ஒப்பிடுவார்கள். முடிவு எப்படியும் டிசம்பரில்தான் வரும்.